நான் தொடாத எலும்பு

கையுறை போடாமல் எலும்பைத் தொட்டுவிட்டேன் என்று எனக்குத் திட்டு விழுந்தது. திட்டியவர் எங்கள் ஆய்வுகூடத்தின் பணிப்பாளர், ஒரு சிங்களப் பெண்மணி. பல வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன், ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் உயர்த்தினார். “உன் வீடு பக்கத்தில் என்றுதானே உன்னை அனுப்பினேன்? போனவள் பார்த்துவிட்டு வரக்கூடாதா? கை சும்மா இருக்காதா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் தொடவில்லை. எனக்கு ஒரு சாபக்கேடு, கோபம் வந்தால் கண்ணில் தண்ணீரும் கூடவே வந்துவிடும். கண் கலங்கிவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது. பிடிபட்டுவிட்டாள், அழுகிறாள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் முடிவுகட்டினார்கள்.

எங்கள் ஆய்வுகூடம் இரத்மலானையில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது. பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எங்கள் வேலை. எடுத்ததைக் கணினியில் ஏற்றினால் மிச்சத்தை ஒரு மென்பொருள் தானாகவே பார்த்துக்கொள்ளும். இந்த மனிதர் எந்தக் காலத்தவர், இத்தனை ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்று ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதித் தரும். நான் அதற்கு வைத்திருந்த பெயர் சாத்திரியார். பிறந்த நேரம் கேட்காமல் வயது சொல்லுகிற சாத்திரியார். நாங்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போவோம். திரும்பி வரும்போது பலன் தயாராக இருக்கும்.

சாத்திரியார் வயதைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்வார். பழைய எலும்பில் உள்ள டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். அதற்குப் பக்கத்தில் நின்று ஒருவர் தும்மினாலே போதும், எலும்பின் கதை போய்த் தும்மியவரின் கதை வந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேருகிறவர் எவரானாலும் முதல்நாளே எச்சில் கொடுக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய டி.என்.ஏ.யும் பெயரில்லாமல் இலக்கத்தோடு கணினியில் கிடக்கிறது. என் இலக்கம் ஏழு. புதிதாக வருகிற எலும்பில் எங்களில் ஒருவருடைய சாயல் தெரிந்தால், சாத்திரியார் சிவப்பு எழுத்தில் ‘தூய்மை கெட்டது’ என்று போட்டு, அந்த இலக்கத்தையும் எழுதிவிட்டு நின்றுவிடுவார். வயது சொல்லமாட்டார்.

அன்றைக்குச் சிவப்பு எழுத்தில் விழுந்த இலக்கம் ஏழு.

அந்த எலும்பு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவிலிருந்து வந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நானும் அம்மாவும் இருக்கிறோம். பக்கத்து வீடு, தமிழர் வீடுகளைக் கொளுத்திய எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. அதன் சொந்தக்காரர்கள் வெளிநாடு போனவர்கள், திரும்பவில்லை. நான் பிறந்த நாள்முதல் அது பற்றையும் பூனையும் நிறைந்த வெறும் வளவுதான். இப்போதுதான் யாரோ வாங்கி, தொடர்மாடி கட்ட அத்திவாரம் தோண்டினார்கள். நல்ல ஆழத்தில், கடற்சிப்பிகளுக்கு நடுவே, கறுத்துப்போன மனித எலும்புகள் வந்தன.

பொலிஸ் வந்தது, சட்டவைத்தியர் வந்தார். இவ்வளவு ஆழம், சுற்றிவரச் சிப்பி, இந்த நிறம், இது ஆதிகாலத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று வந்தவர் எல்லோரும் சொன்னார்கள். அதை உறுதிப்படுத்தித் தரும்படி எங்களிடம் கேட்டார்கள். கடலோரத்தில் வாழ்ந்த ஆதிமனிதர்களைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்கிறவர் எங்கள் பணிப்பாளர். அவருக்குக் காலே தரையில் படவில்லை. எலும்பை எடுக்கும்போது போய் இடத்தைப் பார்த்து வா என்று என்னை அனுப்பினார். நான் போனேன். தகரவேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். எடுத்தவர்கள் வேறு ஆட்கள், முகமூடியும் கையுறையும் போட்டவர்கள். நான் கைகட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்றைக்குப் பின்னேரம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வளவில் ஐயாயிரம் வருடத்து மனிதன் கிடந்திருக்கிறானாம் என்றேன். அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, “ஐயாயிரம் வருசத்துக்கு முந்தி வந்தவன் இஞ்சயே கிடக்கிறான். உன்ர கொப்பர் நாப்பது வருசத்துக்கு முந்திப் போனவர், போனவர்தான்,” என்றா.

என் அப்பாவை நான் கண்டதில்லை. கலவரம் நடந்தபோது நான் அம்மாவின் வயிற்றில். அப்பா கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு இறக்குமதிக் கம்பனியில் கணக்கு எழுதினவர். அன்று காலை வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பம் அம்மாவைத் தங்கள் அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியது. பிறகு அம்மா அகதி முகாமில் இருந்தபோது, அப்பாவோடு வேலை செய்த ஒருவர் வந்தார். “உங்கட அவரை இரத்மலானை முகாமில கண்டனான். யாழ்ப்பாணக் கப்பலுக்கு லைனில நிண்டவர்,” என்று சொன்னார்.

அம்மா நம்பினா. யாழ்ப்பாணத்தில் தேடினார்கள், ஆள் இல்லை. ஜெர்மனியில் கண்டதாக ஒருவர் சொன்னார், கனடாவில் என்று இன்னொருவர். அம்மாவின் நம்பிக்கை மெல்லமெல்ல வேறொன்றாகத் திரும்பியது. பிள்ளைத்தாச்சியை விட்டுவிட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடின மனுசன். அதுதான் எங்கள் வீட்டில் என் அப்பாவின் வரலாறு. அம்மா காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்று என்னைப் படிப்பித்தா. பொட்டை அழிக்கவில்லை. “ஓடினவருக்கு நான் ஏன் பொட்டழிக்க? எங்கயோ நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்,” என்பா. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்பா எங்கே என்று கேட்டால், செத்துப்போனார் என்று சொல்ல ஆசையாக இருக்கும். விட்டுவிட்டுப் போனார் என்பதைவிட அது மரியாதையாகத் தெரிந்தது.

எலும்புக்கு வருகிறேன்.

என்னைத் திட்டிய பிறகு பணிப்பாளர் இன்னொரு துண்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார். என்னை அந்த அறைப்பக்கமே வரவேண்டாம் என்றார். வேலையை என்னோடு இருக்கிற சகபணியாளர் செய்தார். தெமட்டகொடைக்காரர், முஸ்லிம், பொறுமையான மனிதர். மறுபடியும் சிவப்பு எழுத்து, மறுபடியும் ஏழு. மூன்றாம் முறை ஒரு பல்லை எடுத்து, வெளிப்பக்கத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே துளைத்து எடுத்தார். பல்லின் உள்ளே யாருடைய கையும் போகாது. அதிலும் ஏழு.

அவர் கன்டீனில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “கோவிச்சுக்காதீங்க. உண்மைய செல்லுங்க. நீங்க ஒருக்காவாவது அந்தப் பல்லுல கை வெச்சீங்களா?”

“நான் வேலிக்கு வெளியில நிண்டனான். எத்தினை தரம் சொல்லுறது?”

“அப்ப எப்படி வந்திச்சு?”

“உங்கட சாமானுக்கு விசர் பிடிச்சிருக்கு. அதைப் போய்க் கேளுங்கோ,” என்றேன்.

அவர் எனக்காக ஒரு காரியம் செய்தார். எங்கள் இலக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, வயதை மட்டும் சொல் என்று சாத்திரியாருக்குக் கட்டளை கொடுத்தார். அது சொன்னது: பழையதல்ல, நூறு ஆண்டுக்குள். பணிப்பாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இன்னும் கொதித்தார். “பின்னே என்ன? அது வயது பார்த்தது உன்னுடைய எச்சிலுக்கு. உனக்கு நூறு ஆகவில்லைத்தானே,” என்றார். எப்படித் திருப்பினாலும் அது என் தலையில்தான் வந்து விடிந்தது. என் கை பட்டதால் எலும்பு இளசாகிவிட்டது, எலும்பு இளசாக இருப்பதால் என் கை பட்டிருக்கிறது. இந்த வட்டத்துக்குள் நான் சுற்றிச்சுற்றி வந்தேன். ஒரு ஆதிமனிதனைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது.

எனக்கு வந்த ரோசம் சொல்லி முடியாது. சாத்திரியார் எழுதித் தருகிற ஒரு பக்கத்தோடு நாங்கள் எல்லோரும் நின்றுவிடுவோம், அதற்குப் பின்னால் கிடக்கிற விபரங்களை யாரும் திறப்பதில்லை. நான் திறந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் எல்லோரும் கன்டீனில். என் கை படவில்லை என்று நிறுவுவதுதான் என் எண்ணம். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை, இதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன்.

டி.என்.ஏ.யில் ஒரு சின்னப் பகுதி தாயிடமிருந்து மட்டும் வருவது. அம்மாவிடமிருந்து எனக்கு, அம்மாவுக்கு அவவின் தாயிடமிருந்து. அப்பனுக்கு அதில் பங்கே கிடையாது. என் எச்சில் அந்த எலும்பில் கலந்திருந்தால் என் தாய்வழிப் பகுதியும் அதில் கிடக்க வேண்டும். தேடினேன். இல்லை. துண்டு ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை, பல்லில் இல்லை. மூன்றிலும் ஒரேயொரு தாய்வழி, அது வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. என்னுடையது மருந்துக்கும் இல்லை.

மேசையில் கையால் ஓங்கி அடித்தேன். வென்றுவிட்டேன்! நான் தொடவில்லை, இதோ ஆதாரம். பணிப்பாளரின் முகத்துக்கு முன்னால் இதைப் பிடிக்க வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் திட்டினவர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனம் குதித்தது. தாளை அச்சுக்குக்கூடக் கொடுத்துவிட்டேன்.

அச்சு இயந்திரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. என் கை படவில்லை என்றால், சாத்திரியார் அந்த எலும்பில் கண்ட ஏழாம் இலக்கம் எங்கிருந்து வந்தது?

மறுபடியும் உட்கார்ந்தேன். எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தேன். பாதி. அதை எல்லோரும் முதல்நாளே கண்டதுதான். கலப்படம் என்றால் முழுதாகப் பொருந்தாது. பாதி, கால் என்றுதான் வரும். அதனால் பாதி என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் இரண்டு பேர் கலந்திருந்தால் இரண்டு பேருடைய அடையாளமும் தாறுமாறாகக் குழம்பிக் கிடக்கும். இதில் குழப்பமே இல்லை. ஒரே ஒரு ஆள், ஆண். ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டாக எழுத்துகள் இருக்கும். எனக்கு உள்ள இரண்டில் ஒன்று அவரிடமும் இருந்தது. பார்த்த இடமெல்லாம் அப்படி. சகோதரம் என்றால் இரண்டுமே பொருந்தாத இடங்கள் அங்கங்கே வந்திருக்கும். ஒரு இடமாவது தவறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன், தவறவில்லை.

இப்படிப் பொருந்துகிற ஆண் இரண்டு விதமாகத்தான் இருக்க முடியும். ஒன்று என் மகன். நான் கல்யாணமே செய்யவில்லை, எனக்குப் பிள்ளை இல்லை.

நான் கத்தவில்லை, அழவில்லை. எதற்கெல்லாமோ கலங்குகிற கண் அன்றைக்குக் கல்லாக இருந்தது. காது அடைத்துப்போய்விட்டது, பக்கத்துத் தொழிற்சாலையின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. திரையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறார். அந்த மதிலில் ஏறி இருந்து நான் ஜம்புக்காய் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் கொட்டை துப்பியிருக்கிறேன்.

சகபணியாளர் கன்டீனிலிருந்து வந்து என் முகத்தைக் கண்டு பயந்துபோனார். திரையைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். “யா அல்லாஹ்,” என்றார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவரே எழுந்துபோய்ப் பணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பணிப்பாளர் நின்றபடியே பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். கடைசியில் என் தலையில் கையை வைத்து, “அனே நங்கி,” என்றார். ஐயோ தங்கச்சி என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. பொலிசுக்குத் தானே அறிவிப்பதாகச் சொன்னார், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

காலி வீதியில் பஸ் ஊர்ந்தது. இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒரே யோசனைதான். சொல்லுவதா, விடுவதா. அம்மாவுக்கு எழுபதை எட்டுகிற வயது. பிரஷர் இருக்கிறது. அவவை இத்தனை காலம் நிமிர்த்தி வைத்திருந்தது அந்தக் கோபம்தான். விடியக்காலையில் எழுந்து வேலைக்குப் போனது, காய்ச்சலோடு கடையில் நின்றது, ஒருவரிடமும் கைநீட்டாதது எல்லாம் அந்த மனுசனுக்குச் செய்துகாட்டத்தான். அதை நான் பிடுங்கி எடுத்தால் அவவிடம் என்ன மிஞ்சும்? ஆனால் பொலிஸ் வரும். யாரோ ஒரு பொலிஸ்காரர் வாசலில் நின்று சிங்களத்தில் சொல்லி அம்மா இதை அறியக்கூடாது. அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

அம்மா பின்வளவில் கொடியிலிருந்து உடுப்புகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தா. கட்டடத் தூசு எல்லாவற்றிலும் படிந்திருந்தது. “தோய்ச்சும் பிரயோசனமில்லை, அறுவாங்கள்,” என்று திட்டிக்கொண்டே திரும்பினா. “என்ன வேளைக்கு வந்திட்டாய்?”

“அம்மா, இருங்கோ.”

“என்ன, வேலையால நிப்பாட்டிப் போட்டினமோ?”

“இல்லை. அந்த எலும்பு. அது ஐயாயிரம் வருசத்து ஆள் இல்லை.”

“அப்ப?”

“அப்பா.”

அம்மா என்னைப் பார்த்தா. கையில் இருந்த தலையணை உறையை மடித்தா, கவனமாக ஓரம் சேர்த்து மடித்தா. “உன்ர மெசினுக்கு விசர்,” என்றா. கன்டீனில் நான் சொன்ன அதே பேச்சு. “அந்தாளைத்தான் இரத்மலானையில கண்டதெண்டு சொன்னவையே. கப்பலுக்கு நிண்டதெண்டு.”

“சொன்னவர் ஆரைக் கண்டாரோ தெரியாது, அம்மா. நான் என்ர கண்ணால பாத்திட்டன். மூண்டு தரம் பாத்தவை. பிழை இல்லை.”

அம்மா துணி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்தா. நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினா. மதில் பக்கம் திரும்பினா. அதற்கு அந்தப் பக்கம் இயந்திரம் இப்போது ஓடவில்லை. பொலிஸ் வேலையை நிறுத்தியிருந்தது.

“எந்த இடத்தில கிடந்தது?”

“எங்கட மதிலோட ஒட்டி. அந்த மூலையில. நல்ல ஆழத்தில.”

“அதில கிணறு இருந்தது,” என்றா அம்மா.

எனக்கு அது இரண்டாவது அடி. அங்கே கிணறு இருந்ததே எனக்குத் தெரியாது. ஆழம், ஆழம் என்று எல்லோரும் ஆதிகாலத்துக்குப் போனார்களே, அது ஒரு கிணற்றின் ஆழம்.

“நாங்கள் முகாமால திரும்பி வரேக்க அதை மூடிப்போட்டினம். கட்டை இடிச்சு, கடற்கரை மண்ணும் சிப்பியுமாக் கொட்டி மூடியிருந்தது. ஆர் மூடினதெண்டு நான் கேக்கேல்லை.” அம்மா மடித்த உறையை மடியில் வைத்தா. “அப்ப நாங்கள் பின்பக்கம் வாடகைக்கு, முன்பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தவை. முன் கேற் கிறீச்செண்டு சத்தம் போடும். வேலையால பிந்தி வந்தா அவையை எழுப்பக்கூடாதெண்டு உன்ர அப்பா பக்கத்து வளவால வந்து, அந்த மூலையில மதில் ஏறித்தான் குதிக்கிறவர். நான் குசினிக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிப்பன்.”

நான் கல்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

“அண்டைக்கு முன்னால முழுக்கச் சனம், நெருப்பு. கொட்டாஞ்சேனையில இருந்து எப்பிடித்தான் வந்து சேந்தாரோ. அந்தப் பக்கத்தாலதான் வந்திருக்கிறார்.” அம்மாவின் குரல் சின்னதாகிப் போனது. என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துத்தான் கதைத்தா.

“அவர் வந்திருக்கிறார், பிள்ளை. நான்தான் வீட்டில இல்லை.”